டிராயரில் இருக்கும் என் நோட்டு

கும்பகோணம்

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை.

போன ஞாயிறு வீடியோவில் யாழினி "போரடிக்குது தாத்தா" என்றாள். பின்னால் நீ லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாய். இங்கிலாந்தில் எக்ஸிடரில் வீடு, காரை எடுத்தால் சீக்கிரமே டார்ட்மூர் என்ற பரந்த மேட்டுநிலம், அங்கே ஒரு பிள்ளைக்குப் போரடிக்கிறதாம்! போன வருஷம் உன் வீட்டில் இருந்த மூன்று மாதமும் பக்கத்து வீட்டுக்காரரோடு நான் அந்த மூரில் லெட்டர்பாக்ஸ், அதாவது ஒளித்துவைத்த முத்திரை டப்பா, தேடப் போனேனே, அந்த நோட்டு உன் மேசையின் கீழ் டிராயரில் கிடக்கிறது. நீல அட்டை. உள்ளே 17 முத்திரை. எடுத்து அவளிடம் கொடு.

"ரிட்டயர் ஆகியும் தபால் பெட்டியை விடலையா?" என்று அன்று சிரித்தாய். நான் சொல்ல வந்ததைக் கேட்கவேயில்லை. இப்போது படி.

1854-இல் சாக்ஃபோர்டு ஊரில் ஜேம்ஸ் பெரட் என்று ஒரு வழிகாட்டி இருந்தார். மூரின் வடக்கே கிரான்மியர் குளம் என்ற இடத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போவார். குளம் என்பதெல்லாம் பெயரளவில்தான், வெறும் கறுப்பு மண் பள்ளம். ஆனால் போய்ச் சேருவதற்குள் சேற்றில் கால் புதைந்து உயிர் போய்விடும். அத்தனை பாடுபட்டு வந்தவர்கள், வந்ததற்கு அடையாளமாகப் பெயர் அட்டையைப் போட்டுவிட்டுப் போக அங்கே ஒரு பாட்டிலை வைத்தார். பிற்பாடு சிலர் தங்கள் விலாசமெழுதிய கார்டை வைத்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். பட்டுவாடாவுக்கு ஆளே இல்லாத ஒரு தபாலாபீஸ்! 34 வருஷம் தபாலில் குப்பை கொட்டியவனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

இன்று மூர் முழுக்க, பாறை இடுக்குகளில் ஆயிரக்கணக்கான டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. உள்ளே ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு சின்ன நோட்டும் இருக்கும். டப்பாவின் முத்திரையை உன் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். உன் முத்திரையை அதன் நோட்டில் குத்த வேண்டும். பிறகு இருந்த இடத்திலேயே வைத்து, கல்லை வைத்து மறைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். மை பேட் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும், டப்பாவுக்குள் இருந்தாலும் காய்ந்துதான் கிடக்கும்.

சொந்த முத்திரையைக் கடையில் வாங்காதே. அழிரப்பரில் யாழினியே செதுக்கட்டும், பிளேடு வேலையை மட்டும் நீ செய். நான் முதலில் 'அ' வெட்டினேன். ஒரு சாயந்தரம் முழுக்க உட்கார்ந்து, வளைவெல்லாம் அழகாக வந்தது. மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தால் 'அ' திரும்பிக்கொண்டு நிற்கிறது. ஆயுசு முழுக்கத் தேதி முத்திரை குத்தியவன், அதில் எழுத்து இடம் வலமாக இருக்கும் என்பதை மறந்தேன் பார். பென்சிலால் காகிதத்தில் வரைந்து, அதை ரப்பர் மேல் கவிழ்த்துத் தேய்த்தால் தானாகவே திரும்பிவிடும். என் இரண்டாவது 'அ' அப்படி வந்ததுதான்.

ஹே டார் என்ற பாறைக்குன்றில் ஆரம்பி. கார் நிறுத்த இடம் உண்டு, பாறை தூரத்திலிருந்தே தெரியும். பக்கத்தில் 1820-இல் போட்ட டிராம் பாதை இருக்கிறது. தண்டவாளமே கருங்கல். இரும்புச் சக்கரம் ஓடிய கல்லை அவள் தொட்டுப் பார்க்கட்டும்.

டப்பா எங்கே இருக்கிறது என்ற குறிப்புகள் 100 கிளப் என்ற குழுவின் பட்டியலில் கிடைக்கும், நூறு முத்திரை சேர்த்தவர்கள்தான் அதில் சேரலாம். அதுவரை தெரிந்தவர்களைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நில், தயங்காமல் கொடுப்பார். குறிப்பு இந்த மாதிரி இருக்கும்: 'ஹே டார் 40 பாகை, தனி முள்மரம் 165 பாகை, மரத்திலிருந்து 22 தப்படி, தட்டைக் கல்லுக்கு அடியில்.' காம்பஸை வைத்துக்கொண்டு, இரண்டு திசையும் ஒத்து வரும்வரை முன்னும் பின்னும் நகர வேண்டும். அப்படி ஒரு நாள் நானும் அவரும் ஒரு மணி நேரம் ஒரே சரிவில் அலைந்தோம். காம்பஸ் முள் அங்குமிங்கும் ஆடியது. கடைசியில் பார்த்தால் என் சட்டைப் பையில் இருந்த ஃபோன் உறையில் காந்தம்! ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு அளந்து பார்.

பாறை இடுக்கில் நேராகக் கையை விடாதீர்கள், முதலில் குச்சியால் தட்டுங்கள். ஆடர் என்று விரியன் வகைப் பாம்பு அங்கேயும் உண்டு. புதரில் உண்ணி இருக்கும், வீட்டுக்கு வந்ததும் அவள் காலைப் பார். பழங்காலக் கல்வரிசைகளையும் மதில்களையும் கலைக்கக் கூடாது. டப்பா அங்கே இருக்காது, இருக்கவும் கூடாது.

கிரான்மியருக்கு இப்போதே கிளம்பிவிடாதே. அது ராணுவம் சுடுகிற பகுதிக்குள் இருக்கிறது. சிவப்புக் கொடி பறந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். சுடும் நேரத்தை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள், பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். கீழே இரும்புத் துண்டு எது கிடந்தாலும் தொடக் கூடாது. இன்னும் இரண்டு கோடை போகட்டும், யாழினிக்குக் கால் வலுக்கட்டும், மழை விட்டு மண் காய்ந்திருக்கட்டும், அப்போது போங்கள். எனக்குத்தான் அங்கே போகக் கொடுத்து வைக்கவில்லை.

போனால் ஒரு கார்டில் என் விலாசம் எழுதி, இந்தியாவுக்குப் போதுமான ஸ்டாம்ப்பை நீயே ஒட்டி, அங்கே வைத்துவிட்டு வா. யாராவது எடுத்துப் போடட்டும். எத்தனை நாளில் வருகிறது என்று பார்க்கிறேன். பின்கோடு மட்டும் விட்டுவிடாதே, உனக்கு அது எப்போதும் மறந்துபோகும்.

அன்புடன்
அப்பா