வரவு அங்கே, பற்று இங்கே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஒரு சிற்றூரை ஒட்டிப் பழங்குடியினர் தொடங்க விரும்பும் கேசினோ என்னும் சூதாட்ட விடுதி குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, வேலைவாய்ப்பு ஒருபுறம், ஒழுக்கக் கேடு மறுபுறம் என்று எடைபோட்டதோடு நின்றுவிட்டது. பொள்ளாச்சியில் ஒரு தென்னை நார் ஆலையில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவனுக்கு, வரவு யாருக்கு, பற்று யாருக்கு என்பதே முதலில் தோன்றும் கேள்வி.

அந்தப் பழங்குடியினரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு, 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் 1988இல் இயற்றப்பட்ட சட்டமும் திறந்துவிட்ட வழி இது. நிகர வருவாயைப் பழங்குடி அரசின் நிர்வாகம், மக்கள் நலன் போன்றவற்றுக்கே செலவிட வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. நம்மூர் சீட்டாட்டக் கிளப்புகளுக்கு அப்படி ஒரு நிபந்தனை விதித்தால் எத்தனை மிஞ்சுமோ தெரியாது!

ஆனால் 1988 அக்டோபர் 17க்குப் பிறகு பெறப்பட்ட நிலத்தில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கேசினோ அமைக்க வேண்டுமானால், அது பழங்குடியினருக்கு நன்மை தரும், சுற்றுப்புறச் சமூகத்துக்குக் கேடு செய்யாது என்று உள்துறைச் செயலர் முடிவு செய்ய வேண்டும்; மாநில ஆளுநரும் அதற்கு இசைய வேண்டும். (அங்கே உள்துறை என்பது காவல்துறையைக் கவனிப்பதன்று, நிலங்களையும் பழங்குடியினர் விவகாரங்களையும் கவனிப்பது.) சுற்றுப்புறம் என்பதற்கு விதிகள் குறிக்கும் எல்லை 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர். என் ஐயம் இந்த வட்டத்தின் மீதுதான். கனெக்டிகட் மாநிலத்தில் 1992இல் திறக்கப்பட்ட ஃபாக்ஸ்வுட்ஸ் கேசினோவுக்கு பாஸ்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் பேருந்துகளில் ஆட்கள் வந்தார்கள். சாலை நெரிசலும் காவல் செலவும் பக்கத்து ஊர்களின் தலையில் விழுந்ததைக் கணக்கிட்டுவிடலாம். தோற்றவரோடு பேருந்தேறிப் போன கடனை அந்த வட்டத்துக்குள் எப்படி அளப்பது?

இது எங்களுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. ஆனால் எல்லைக்கு அப்பால் மீனாட்சிபுரத்தில் கேரள லாட்டரிக் கடைகள் இருக்கின்றன. சனிக்கிழமை கூலி வாங்கியவர்களில் சிலர் மறுநாளே அங்கு போய் வருவார்கள். திங்கட்கிழமை முன்பணம் கேட்டு வருகிறவர் லாட்டரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் காரணம் எழுதும் கட்டத்தில் 'வீட்டுச் செலவு' என்றே எழுதினேன். லாட்டரி வருவாயிலிருந்து கேரள அரசு ஏழைகளின் மருத்துவத்துக்கு உதவுவது நல்ல காரியம்தான். ஆனால் சீட்டு வாங்கிய பொள்ளாச்சித் தொழிலாளியின் மனைவி நோயில் விழுந்தால் அந்த உதவியைக் கேட்க முடியாது.

ஆகவே, முன்மொழியப்பட்டுள்ள அந்தக் கேசினோவின் விளைவை ஆராய்பவர்கள், அது அமையவிருக்கும் ஊரை மட்டுமன்றி, ஆடுவோர் எந்தெந்த ஊர்களிலிருந்து வருவார்கள் என்பதையும் முதலில் கணக்கெடுத்து, அந்த ஊராட்சிகளின் கருத்தையும் கேட்ட பிறகே அனுமதி குறித்து முடிவெடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைக் கணக்கர்,
பொள்ளாச்சி.