மணல் மூட்டை அடுக்கும் மாதம்

நீடாமங்கலம்,
வைகாசி 20

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நெல் வரத்து ஓயட்டும், உட்கார்ந்து எழுதலாம் என்று வைத்திருந்தேன். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்த மறுநாள், உன் தோப்பில் வேரோடு கிடந்த தென்னைகளுக்கு நடுவே நீ ஒன்றும் பேசாமல் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அங்கே வைத்த கன்றுகள் இன்று காய்த்து, நீயே எண்ணெய் ஆட்டிப் பாட்டிலில் அடைக்கிறாய் என்று படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. அப்பாவிடமும் படித்துக் காட்டினேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சென்னையிலிருந்து ஒரு ஏஜென்சி வந்து, 'நெருக்கடி வந்தால் என்ன பேசுவது என்று திட்டம் எழுதித் தருகிறோம்' என்று பெரிய தொகை கேட்கிறார்கள், நம்மைப் போன்ற சின்னத் தொழிலுக்கு இது தேவையா என்று கேட்டிருந்தாய். திட்டம் கட்டாயம் தேவை. ஆனால் அதை நீதான் எழுத வேண்டும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் அரிசி மில்லில் நடந்ததை உனக்கு நான் முழுசாகச் சொன்னதே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன், தீபாவளிக்கு முந்தைய வாரம். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வீட்டில் எங்கள் 25 கிலோ சிப்பத்தைப் பிரித்து அரிசி களைந்திருக்கிறார்கள். சில மணிகள் மேலே மிதந்தன, நிறமும் கொஞ்சம் மாறியிருந்தது. அந்த வீட்டுப் பையன் படம் பிடித்து, 'பிளாஸ்டிக் அரிசி' என்று எழுதி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். 2017இல் இந்த வதந்தி பரவி எத்தனை பேர் சோற்றை உருண்டை பிடித்துத் தரையில் அடித்துப் பார்த்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பயம் ஊருக்குள் அப்படியேதான் இருந்திருக்கிறது. பொழுது சாய்வதற்குள் படம் திருவாரூர் வந்துவிட்டது.

அப்பா, 'பேசாமல் இரு, நாலு நாளில் அடங்கிவிடும்' என்றார். நான் கேட்கவில்லை. 'எங்கள் அரிசி நூறு சதவீதம் சுத்தமானது, இது போட்டியாளர்களின் சதி' என்று அன்று இரவே ஓர் அறிக்கை எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். ஒரு சிப்பத்தைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் எழுதினேன். மறுநாள் வக்கீல் நோட்டீசும் போனது. பையன் அந்த நோட்டீசையும் படம் பிடித்துப் போட்டான். அதோடு எங்கள் பக்கம் பேச ஆளே இல்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள்தான் கோடவுனுக்குள் போய்ப் பிரித்துப் பார்த்தோம். பையன் பொய் சொல்லவில்லை. நாங்கள் ரேஷனுக்கும் அரவை செய்து கொடுக்கிறோம் அல்லவா, அப்போது அதில் 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ செறிவூட்டிய மணி கலக்க வேண்டியிருந்தது. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவிலேயே எந்திரத்தில் பிழிந்து எடுப்பது அது. பிளாஸ்டிக் இல்லை, சாப்பிடுவதற்குத்தான் செய்கிறார்கள். ஆனால் ரேஷன் அரவை முடிந்த பிறகு அரிசி கொட்டும் ஹாப்பரைச் சுத்தம் செய்யாமல் எங்கள் சொந்தப் பொன்னியை ஓட்டிவிட்டார்கள். தவறு முழுக்க எங்களுடையது. 'சதி' என்று எழுதிய கையால் அதை எப்படித் திருத்தி எழுதுவது?

அதைவிடப் பெரிய அடி வேறு. எந்தச் சிப்பங்களில் அந்த மணி போனது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. பேரேட்டில் தேதி இருந்தது, சாக்கில் எந்த அரவை என்று காட்டும் லாட் எண் இல்லை. நாற்பது சிப்பத்தோடு முடிந்திருக்க வேண்டியது, கடைகளில் கிடந்த அறுநூற்றுச் சொச்சத்தையும் திரும்ப எடுத்தோம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் 28ஆம் பிரிவு, விற்ற பொருள் சட்டத்துக்கு ஒத்துவராது என்று நம்பக் காரணம் இருந்தாலே திரும்பப் பெறத் தொடங்க வேண்டும் என்கிறது. அதை நான் படித்ததே அதற்குப் பிறகுதான்.

அப்புறம் அந்த வீட்டுக்கு நேரிலேயே போனேன். செறிவூட்டிய மணியைத் தனியாக ஒரு பொட்டலத்தில் எடுத்துப் போய்க் காட்டி, எப்படிக் கலந்தது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா காபி கொடுத்தார். 'இதை அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாமே தம்பி, பேத்திக்கு ஊட்டிட்டு ராத்திரி பூரா தூங்கல' என்றார். சாக்குத் திரும்பி வந்த நஷ்டம் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

இதற்கப்புறம்தான் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1982இல் சிகாகோ பக்கம் டைலினால் என்ற வலி மருந்துக் கேப்சூலில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். விஷம் கம்பெனியில் கலக்கவில்லை, கடைக்குப் போன பிறகு கலந்தது. அப்படியிருந்தும் அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி, 'சாப்பிடாதீர்கள்' என்று தானே நாடு முழுக்கச் சொல்லி, சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்ப எடுத்தது. பிரித்தால் தெரிகிற மாதிரி மூன்று அடுக்கு முத்திரை போட்டு மறுபடி கொண்டுவந்தது. மக்கள் திரும்ப வாங்கினார்கள். நம் நாட்டு மேகி கதை உனக்கே தெரியும். 2015இல் ஈயம் அதிகம் என்று உத்தரப் பிரதேசத்தில் பேச்சுக் கிளம்பியது. 'எங்கள் பரிசோதனையில் சரியாக இருக்கிறது' என்றே கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது. ஜூன் 5ஆம் தேதி தடை வந்தது, 30,000 டன்னுக்கு மேல் அழித்தார்கள். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, நவம்பரில் மறுபடி கடைக்கு வந்தது. பரிசோதனை அறிக்கை கையில் இருந்தாலும், பயந்து நிற்கிற தாய்க்கு அது முதல் நாளே புரிகிற பேச்சில் போய்ச் சேர வேண்டும். நான் படித்துப் புரிந்துகொண்டது இதுதான்.

இப்போது உன் எண்ணெய்க்கு வருவோம். என்னென்ன நடக்கலாம் என்று நீயும் தங்கச்சியும் உட்கார்ந்து எழுதுங்கள். கொப்பரையில் கந்தகப் புகை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு வரலாம். சிக்கு வாடை வரலாம். மார்கழியில் ஒருத்தர் வீட்டில் உறைந்து, இன்னொருத்தர் வீட்டில் உறையாமல் இருந்தால், 'கலப்படம்' என்பார்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும், அடுப்பங்கரையில் வைத்த பாட்டில் இளகித்தான் இருக்கும் என்பதை ஐப்பசியிலேயே கடைக்காரர்களுக்குச் சொல்லிவிடு. கொப்பரை எங்கே வாங்கினாய், எந்த நாள் ஆட்டினாய் என்பது பாட்டிலில் உள்ள லாட் எண்ணை வைத்தே தெரிய வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பாட்டிலை எடுத்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து, 'இதோடு ஆட்டியதெல்லாம் எந்தெந்தக் கடையில் இருக்கிறது?' என்று கேள். நாங்கள் முதல் தடவை செய்தபோது நாலு மணி நேரம் ஆனது, இப்போது இருபது நிமிடம்.

யார் பேசுவது என்பதையும் இன்றைக்கே முடிவு செய். ஒருத்தர்தான் பேச வேண்டும், அவர் ஊரில் இல்லையென்றால் அடுத்தவர் யார் என்பதும் எழுதியிருக்க வேண்டும். முதலில் பத்திரிகைக்குச் சொல்லாதே, கடைக்காரர்களுக்குச் சொல். சனம் வந்து கேட்பது அவர்களிடம்தான். அன்று எங்கள் கடைக்காரர்களிடம் சொல்ல ஒரு வார்த்தைகூட நாங்கள் கொடுக்கவில்லை, அவர்களும் என்ன செய்வார்கள், மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். லோடுமேன், டிரைவர் வரைக்கும் உன் ஆட்களுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டீக்கடையில் அவர்களைத்தான் கேட்பார்கள்.

என்ன சொல்வது என்பதில் பெரிய வித்தை இல்லை. புகார் வந்தது, இந்தத் தேதி ஆட்டியதை விற்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம், காரணம் இன்னும் தெரியவில்லை, நாளை காலை பத்து மணிக்கு மறுபடி சொல்கிறோம். அவ்வளவுதான். பத்து மணிக்குக் கட்டாயம் சொல், ஒன்றும் தெரியாவிட்டாலும் தெரியவில்லை என்று சொல். வக்கீலைக் கூப்பிடு, அவர் யோசனையைக் கேள். ஆனால் சாப்பிட்டவர் மேல் நோட்டீஸ் விடாதே.

இங்கே வெண்ணாற்றில் தூர் வாரிக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புப் பக்கம் ஷட்டருக்கு கிரீஸ் போடுகிறார்கள். பலவீனமான கரை எது என்று அப்பாவுக்கு மனப்பாடம். மில்லின் பழைய சாக்குகளை மணல் மூட்டைக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார், வருடா வருடம் செய்வதுதான்.

எங்கள் திட்டத்தின் நகல் இத்துடன் இருக்கிறது, மூன்று பக்கம்தான். நம் இரண்டு பேர் தொழிலும் வேறு என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ளாதே, அடித்துத் திருத்து. தண்ணீர் வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு பட்டுக்கோட்டை வருகிறேன். அவருக்கு உன் புதுத் தோப்பைப் பார்க்க வேண்டுமாம். பாட்டில் எண் போடும் எந்திரத்தை நான் வரும்வரை வாங்காதே, எங்களுடையது ஈரத்தில் மை அழிந்தது, அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்