புத்தகத்தைத் திறந்து பாருங்கள் ஐயா: பேஸ்பால் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் பிள்ளைகளுக்கான பேஸ்பால் போட்டியை நடத்துகிற பெரியவர்களுக்கும், வெயிலில் நடுவர்களாக நிற்கிற ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை தருமபுரியில் நடந்த ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த ஆட்டம், எந்த அணி என்று விளக்கத் தேவையில்லை. மேசையைத் தட்டிப் பேசியவன் நான்தான். தட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பேசியதற்குக் கேட்க மாட்டேன்.

கடைசி இன்னிங்ஸ், நாங்கள் ஒரு ரன் பின்னால். மூன்று அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடியும், எங்களுக்கு ஒன்று ஆகியிருந்தது. ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்கள்தான் பேஸ். முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் எங்கள் பையன்கள். அடித்த பந்து தென்னை மர உயரத்துக்கு நேராக மேலே போனது. ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில், நின்ற எதிரணிப் பையன் இரண்டடிகூட நகரவில்லை. கையுறையை விரித்து நின்ற இடத்திலேயே நின்றான். எங்கள் பையன்கள் இருவரும் பேஸை ஒட்டியே இருந்தார்கள். பந்து அவன் கையுறையில் பட்டுக் கீழே விழுந்தது. பந்து பிடிபடாவிட்டால் அடித்தவனுக்கு இடம்விட்டு இவர்கள் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும், பந்து அங்கே முந்திப் போனால் அவுட். எடுத்து மூன்றாவது பேஸுக்கு எறிந்தான், அங்கிருந்து இரண்டாவதுக்குப் போனது. இரண்டு பேரும் அவுட், ஆட்டம் முடிந்தது என்று கையை உயர்த்திவிட்டீர்கள்.

"இன்ஃபீல்ட் ஃப்ளை!" என்று நான் கத்தியது ரோட்டோர டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். உங்களிடம் ஓடி வந்தேன். வந்த பதில் இதுதான்: "மூணு பேஸ்லயும் ஆள் இருந்தாத்தான் சார் அந்த ரூல்."

இல்லை ஐயா. முதல் இரண்டு பேஸில் ஆள் இருந்தாலே போதும், மூன்றிலும் இருந்தாலும் சரி. அவுட் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இன்ஃபீல்டர் ஒருவர், அதாவது பேஸ்களை ஒட்டி நிற்கும் ஆட்டக்காரர், சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய ஃபேர் பந்தாக, அதாவது எல்லைக்கோட்டுக்கு உள்ளே வரும் பந்தாக, அது உயர எழும்பியிருக்க வேண்டும். மட்டையை வீசாமல் மெல்லத் தட்டும் பண்ட்டும், தாழ்வாக நேரே பாயும் லைன் டிரைவும் கணக்கில் வராது. இவ்வளவும் இருந்தால் பந்து மேலே இருக்கும்போதே நடுவர் அறிவிக்க வேண்டும். அடித்தவன் அவுட், பந்தைப் பிடித்தாலும் விட்டாலும். ஓடுகிறவர்களுக்குக் கட்டாய ஓட்டம் கிடையாது. அப்படிப் பார்த்தால் சனிக்கிழமை எங்களுக்கு இரண்டு அவுட்தான். அடுத்த பையன் மட்டையோடு எழுந்து நின்றிருந்தான்.

இந்த விதி 1895-லேயே வந்துவிட்டது. வந்த காரணமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பந்து மேலே இருக்கும்போது பேஸில் நிற்பவன் பாடு மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி. ஓடினால், பந்தைப் பிடித்துவிட்டு, அவன் திரும்புவதற்குள் அவன் விட்டு வந்த பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்குவார்கள். நின்றால், வேண்டுமென்றே கீழே விட்டு இரண்டு பேரை அவுட் ஆக்குவார்கள். அந்தத் தந்திரத்தை அடைக்கத்தான் விதி. சனிக்கிழமை அந்தப் பையன் தெரியாமல்தான் பந்தை விட்டான், அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் வருத்தம் வேறு. நான் பாலக்கோடு பக்கம் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். விடிகாலையில் தொடங்கும் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். சாயங்காலம் ஊர் ஏரிக்குள் பையன்களுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறேன். ஏரியில் தண்ணீர் நின்றால் எங்களுக்கு மைதானம் கிடையாது. பேஸ் என்று நாங்கள் சொல்வது மண் நிரப்பிய சிமென்ட் சாக்கு. மொத்தம் ஆறு கையுறை. மூன்றில் கயிறு போட்டுத் தைத்திருக்கிறோம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, இங்கே எல்லா ஊரிலும் கதை இதுதான்.

ஆனால் இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. தரையில் கோடு கிழித்து, புளியங்கொட்டைகளை ஓடுகிறவர்களாக வைத்து நகர்த்திக் காட்டினேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், "பிடிக்காமலே எப்படிண்ணா அவுட்?" என்று ஒருத்தன் மாற்றி ஒருத்தன் கேட்டான். மூன்றாம் நாள்தான் இரண்டாவது பேஸ் கொட்டையைத் தானே கையில் எடுத்து, "அப்ப நான் ஓட வேண்டியதில்ல, பேஸ்லயே நின்னா போதும், அப்படித்தானே?" என்று கேட்டான் ஒரு பையன். எட்டாவது படிக்கிறான். சனிக்கிழமை இரண்டாவது பேஸில் நின்றவன் அவன்தான்.

பஸ்ஸில் ஊர் திரும்பும்போது காரிமங்கலம் தாண்டும் வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் கேட்டான்: "அண்ணா, நான் ஓடியிருக்கணுமா?"

விதி தெரியாமல் ஓடியிருந்தால் அவன் அவுட் ஆகியிருக்க மாட்டான். தெரிந்து நின்றதால் அவுட். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்கள்.

அன்று மேசையில் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வாக்கியம், "நடுவர் முடிவே இறுதி". அது விதியில் பாதிதான் ஐயா. விதிப் புத்தகத்தில் 8.02-ஐ எடுத்துப் பாருங்கள். எறிந்த பந்து சரியான இடத்தில் வந்த ஸ்ட்ரைக்கா, விலகிய பாலா, ஓடியவன் சேஃபா அவுட்டா என்பது போன்ற கணிப்புகள் இறுதி, அதில் வாதாட இடமில்லை. ஆனால் முடிவு விதிக்கே முரணாக இருக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால், முடிவு சொன்ன நடுவரிடமே முறையிடலாம் என்று அடுத்த பத்தி சொல்கிறது. அவர் இன்னொரு நடுவரிடம் கேட்டுக்கொள்ளவும் இடம் இருக்கிறது. அன்று பேஸ் பக்கம் நின்ற நடுவர் ஏதோ சொல்ல இரண்டடி எடுத்து வைத்தார். நீங்கள் கையைக் காட்டி அவரை நிறுத்தினீர்கள்.

கணிப்பில் தவறு வருவது எனக்குப் புரியாமல் இல்லை. 2012 அக்டோபர் 5, அமெரிக்காவில் அட்லாண்டாவில் பிரேவ்ஸ் அணிக்கும் கார்டினல்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டம். அங்கேயும் முதல் இரண்டு பேஸில்தான் ஆள், அங்கேயும் ஒரு அவுட். பந்து பேஸ்களைத் தாண்டி இடது அவுட்ஃபீல்டுக்குள், வெளிப்பகுதிக்குள், போய் விழுந்தது, நடுவர் சாம் ஹோல்ப்ரூக் இன்ஃபீல்ட் ஃப்ளை என்று கையை உயர்த்தினார். ஜனங்கள் பாட்டிலை வீசி ஆட்டம் 19 நிமிஷம் நின்றது. பிரேவ்ஸ் முறையிட்டார்கள், 'சாதாரண முயற்சியா இல்லையா என்பது நடுவரின் கணிப்பு' என்று தள்ளிவிட்டார்கள். சரி, அது நியாயம். "அந்தப் பந்து சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடியதாக எனக்குத் தெரியவில்லை" என்று நீங்கள் சொல்லியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நீங்கள் சொன்னது கணிப்பு அல்ல, விதிப் புத்தகத்தில் இல்லாத ஒரு விதி.

அன்று காலையிலும் இப்படி ஒன்று நடந்தது. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அடிப்பவன் அவுட், ஆனால் மூன்றாவதைப் பின்னால் நிற்கும் கேட்சர் பிடிக்காமல் விட்டால் அவன் முதல் பேஸுக்கு ஓடலாம். அப்படி மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் தவறவிட்டார், இரண்டு அவுட் ஆகியிருந்தது, பையன் ஓடினான். முதல் பேஸில் ஆள் இருக்கிறது, ஓடக்கூடாது என்று திருப்பி அனுப்பினீர்கள். இரண்டு அவுட் ஆகிவிட்டால் அந்தத் தடை இல்லை. அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்ததால் பேசாமல் விட்டேன். அது என் தப்பு.

டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது நாம் எல்லாரும் நடுவர்கள்தான். பந்து ஸ்டம்பில் படுமா என்று கோடு போட்டுக் காட்ட கம்ப்யூட்டர் வருகிறது, மூன்றாவது அம்பயர் தனி அறையில் உட்கார்ந்து பார்க்கிறார். எங்களுக்கு மூன்றாவது அம்பயர் எல்லாம் வேண்டாம். முதல் அம்பயர் கையில் ஒரு புத்தகம் இருந்தால் போதும். சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று பிள்ளைகளை முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசையில் நிறுத்த நேரம் இருந்தது. சால்வைக்கு நேரம் இருந்தது, ஃபோட்டோவுக்கு இருந்தது, ஃபோட்டோ சரியாக வரவில்லை என்று மறுபடி எடுக்கவும் இருந்தது. ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்க்க இரண்டு நிமிஷம் மட்டும் இல்லை. தண்ணீர் கேன் பதினோரு மணிக்கே காலி...

விடுங்கள். கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். காலையில் கோ-கோ, மதியம் பேஸ்பால் என்று ஒரே ஆளை நிறுத்தினால் எல்லா விதியும் மனதில் நிற்குமா? தவறு வரட்டும். 2010-ல் டெட்ராய்ட்டில் ஜிம் ஜாய்ஸ் என்ற நடுவர் கடைசி அவுட்டைச் சேஃப் என்று சொல்லி, கலராகா என்ற பந்துவீச்சாளரின் பெர்ஃபெக்ட் கேமையே, அதாவது எதிரணியில் ஒருவரும் பேஸை எட்டாத ஆட்டத்தையே, கெடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்ததும், நான் தவறு செய்துவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். மறுநாள் அதே கலராகா அவர் கையில் ஆட்டக்காரர் பட்டியலைக் கொடுக்கப் போனபோது ஜாய்ஸ் கண் கலங்கி நின்றார். அவரை யாரும் இன்றைக்கும் மட்டமாகப் பேசுவதில்லை.

முடிந்த ஆட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. கோப்பையும் வேண்டாம், ஜெயித்த பிள்ளைகளிடமே இருக்கட்டும். அடுத்த போட்டியில் விதி பற்றி யாராவது முறையிட்டால், தயவுசெய்து புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மேசை மேல் ஒரு புத்தகம் வையுங்கள், தமிழில் எழுதிய நாலு பக்கக் குறிப்பாக இருந்தாலும் போதும். கூட நிற்கிற நடுவர் வாயைத் திறந்தால் பேச விடுங்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் நடுவர்களும் பயிற்சி கொடுப்பவர்களும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்தச் சிக்கலான கட்டங்களைப் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. மைதானம் கிடைக்கவில்லை என்றால் எங்கள் ஏரிக்கு வாருங்கள், இப்போது தண்ணீர் இல்லை. புளியங்கொட்டை நான் கொண்டு வருகிறேன். இரண்டாவது பேஸில் நின்ற பையனும் வருவான், அவன் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்து ஏரியில் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கும் மண்டிக் கணக்குப்பிள்ளை