'பொட்டல் காடு' என்று எழுதியவனைத் திருத்தியவர்களுக்கு

ஓசூர் சொந்தங்களுக்கு வணக்கம்.

சிப்காட் தொழிற்பேட்டை வந்த புதிதில் இங்கே குடியேறியவர்களைப் பற்றிய என் சின்னப் புத்தகம் ஒருவழியாக அச்சாகிவிட்டது. 64 பக்கம், அட்டையில் என் பெயர் மட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது. இதில் நானாகக் கண்டுபிடித்தது எழுத்துப்பிழைகள் மட்டும்தான். மற்றதெல்லாம் நீங்கள் கொடுத்தது.

முதல் நன்றி அவ்வாவுக்கு (தெலுங்கில் பாட்டி). முதல் வரைவை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். "கம்பெனிகள் வரும்வரை இது வெறும் பொட்டல் காடு" என்று தொடங்கியிருந்தேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "பொட்டலா? எங்க கொள்ளுக் கொல்லைடா அது! அந்தாண்ட மேட்டுல ராகி. ராகிக்குள்ள அவரை சால் விட்டிருப்போம், பனி விழுந்தா காய்க்கும். நீ பொறக்கவே இல்ல, உனக்கு எவன் சொன்னான்?" பாதி தமிழ், பாதி தெலுங்கு. தெலுங்குப் பாதியை இங்கே எழுத முடியாது.

அன்று இரவே முதல் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். ஆரம்பகாலக் குடிகள் என்றால் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே ஊரில் மாடு மேய்க்க இடம் தேடியவர்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அவ்வா சொன்ன கொல்லை எது என்று அறிய உதவியவர் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஐயா. பழைய சர்வே எண், 'அ' பதிவேடு, புஞ்சைத் தீர்வை என்று நிலக் கணக்குகளைப் பற்றி எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுத்தார். கடைசியில் என்னையே கூட்டிப்போய் அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினார். கொள்ளு விளைந்த இடம் இப்போது ஒரு கம்பெனியின் பைக் ஸ்டாண்டு. (இதே விவரத்துக்காக வேறொரு அலுவலகத்தில் நாலு முறை அலைந்தேன். அந்தக் கதை வேண்டாம்.)

1971இல் சிப்காட் நிறுவனம் தொடங்கியதும், பின்தங்கிய மாவட்டம் என்று பெயரெடுத்திருந்த அன்றைய தருமபுரியின் இந்த மூலையைத் தேர்ந்தெடுத்ததும் பலருக்கும் தெரிந்ததுதான். பெங்களூர் 40 கிலோமீட்டர். வெயிலும் உறைக்காது. 1980இல் அசோக் லேலண்ட் லாரி ஆலை, அதே வருடம் இங்கிருந்து டிவிஎஸ் 50 மொபெட், 1984இல் டைட்டன் வாட்ச் கம்பெனி. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, நாம் ஒரு காலத்தில் தருமபுரிக்காரர்கள் என்பதே புதுச் செய்தி. இதெல்லாம் புத்தகத்தில் ரெண்டு பக்கம்தான். எனக்கு வேண்டியிருந்தது அந்த வருடங்களில் ராத்திரி என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள் என்பது.

அதற்குப் பதில் மெஸ் அண்ணாச்சியின் பற்று வரவு நோட்டில் இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த நீள நோட்டு. யாருடைய பெயரும் முழுதாக இல்லை. 'பி ஷிப்ட் கண்ணாடி, 2 டீ 1 பன்', 'டர்னர் தம்பி, சாப்பாடு, பாக்கி', 'நெட்டை, ஊருக்குப் போறார், வந்து தருவார்'. நெட்டை வந்தாரா என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்துவிட்டு நோட்டை மூடினார். தெற்கிலிருந்து ஒரு போர்வைகூட இல்லாமல் வந்த ஐ.டி.ஐ. பையன்கள் மார்கழிக் குளிரில் நடுங்குவதைப் பார்த்து, தவணையில் கம்பளி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்கும் அதே நோட்டில்தான். நோட்டை என்னிடம் பத்து நாள் நம்பிக் கொடுத்ததற்கு நன்றி அண்ணாச்சி. கடைசிப் பக்கத்தில் என்னுடைய காபிக் கணக்கையும் எழுதியிருப்பதைப் பார்த்தேன், தீர்த்துவிடுகிறேன்.

டைட்டன் வாட்ச் கம்பெனியில் வேலை பார்த்த அக்காவுக்கும் நன்றி. அங்கே சேர்ந்தபோது அவருக்கு வயது 18. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, வீடு பிடித்துக் கொடுத்து, அப்பா அம்மா ஸ்தானத்தில் பார்த்துக்கொள்ள உள்ளூர்த் தம்பதிகளையும் அமர்த்தினார்கள். டைட்டன் கதையில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். அக்கா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அவருடைய அப்பா எழுதிய இன்லேண்டு லெட்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "மழை இல்லை. செவலையை விற்றுவிட்டோம். நீ பணம் அனுப்ப வேண்டாம், ஸ்வெட்டர் வாங்கிக்கொள்." இவ்வளவுதான் கடிதம். புத்தகத்தில் போடலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "செவலை பேரு வரட்டும், என் பேரு வேணாம்" என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

குட்டி ரயில் விவரத்தைச் சரிபார்த்துக் கொடுத்த ரயில்வே தாத்தாவுக்கும் நன்றி. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை வந்த அந்தச் சின்னப் பாதையை இரண்டாம் உலகப் போர் நேரத்தில் மூடிவிட்டார்கள் என்பதை நான் பாதியும் நம்பாமல்தான் கேட்டேன். அப்புறம் படங்களை ஸ்கேன் செய்த தம்பி, தமிழில் களி, தெலுங்கில் சங்கட்டி, கன்னடத்தில் முத்தே, மூன்றும் ஒரே தட்டில்தான் இருக்கிறது என்று சொல்லிக் கன்னடப் பேட்டிகளைப் பெயர்த்துக் கொடுத்த டீச்சரம்மா, கடன் சொல்லி அச்சடித்துக் கொடுத்த அச்சக அண்ணன் எல்லோருக்கும் நன்றி.

41ஆம் பக்கத்தில் இரண்டு படங்களின் விளக்கம் இடம் மாறிவிட்டது. என் தவறுதான். மீதியுள்ள பிரதிகளில் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். வாங்கியவர்கள் கொண்டுவந்தால் அங்கேயே திருத்தித் தருகிறேன்.

அவ்வா, உங்கள் கல்யாணப் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டாச்சு. எனக்கு உதவியதற்குக் கூலியாக நீங்கள் கேட்ட ரெண்டு படி கொள்ளும் வாங்கிவிட்டேன். கடைக் கொள்ளுதான், திட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரன்