சர்வீஸ் புக் தன்வரலாறு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியவர்கள் தன்வரலாறு எழுதுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிறப்பு, படிப்பு, வேலை, திருமணம், விருது என்று ஆண்டுவாரியாகக் குறித்துக்கொண்டு தொடங்கச் சொல்கிறது. அப்படி எழுதினால் அரசு ஊழியரின் பணிப்பதிவேடான சர்வீஸ் புக்கின் நகல்தான் மிஞ்சும்.

எங்கள் கிளை நூலகத்தில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, எழுதியதை வாசித்துக்காட்டுகிறோம். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர், "பணிக்காலம் முழுவதும் நேர்மையாக உழைத்தேன்" என்று எழுதிவந்தார். "கூட்டத்துல டிக்கெட் எப்படிண்ணே போடுவீங்க?" என்று ஒருவர் கேட்டதும் எழுந்து நின்று செய்தே காட்டினார். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகுவது, உதட்டில் விசிலோடு பேசுவது, கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அடுத்த ஸ்டேஜுக்குள் டிக்கெட் கணக்கான இன்வாய்ஸை எழுதுவது, கலெக்‌ஷன் குறைந்தால் கைக்காசு போட்டுக் கட்டுவது எல்லாம் வந்தன. அரை டிக்கெட் வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு "கைக்குழந்தைங்க" என்ற தாயை என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது மட்டும் கொஞ்சநேரம் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அதை நான்கு பக்கம் எழுதிவந்தார். அந்த வேலையில் நேர்மையாக இருப்பதற்கு என்ன விலை என்று அதில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இதற்கு முன்னோடி எங்கள் கும்பகோணத்திலேயே உண்டு. உ.வே.சாமிநாதையர் 1940இல், எண்பத்தைந்தாம் வயதை எட்டும்போது, 'என் சரித்திரம்' தொடரை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். 1880இல் இங்கே முன்சீபாக, அதாவது நீதிபதியாக, இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததை அதில் எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறார்! தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவைகளை வரிசையாக ஒப்பிக்கிறார். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. சீவக சிந்தாமணிக் காப்பியம் படித்ததுண்டா என்ற அவர் கேள்விக்கு இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. பதிப்புலகமே கொண்டாடிய பெரியவர், தனக்குத் தெரியாமல் இருந்ததை மறைக்காமல் எழுதியதால்தான் அந்த அறையில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். எழுதக் கற்க விரும்புவோர் இந்த ஒரு பகுதியைப் படித்தாலே போதும் என்பது என் எண்ணம். 1942இல் அவர் மறைந்ததால் தொடர் முற்றுப்பெறவில்லை.

நான் தபால் துறையின் ரயில் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் இரவு ரயிலில் தபால் பிரித்தவன். வெறும் 'புதூர்' என்று முகவரி எழுதிய கடிதம் எந்தப் புதூருக்கு என்று கண்டுபிடித்த சீனியர்கள் பலர் ஒரு வரிகூட எழுதாமல் போய்விட்டார்கள். நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

வாரம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள் ஐயா. பட்டமும் பாராட்டும் வேண்டாம். செய்த வேலையில் ஒரு நாளை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பேனா பிடிக்க முடியாதவர்கள் சொல்லச்சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். கண்டக்டர் அண்ணனின் நான்கு பக்கங்களை, அவர் சம்மதத்தோடு, முதலில் அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
கும்பகோணம்.