காலண்டர் தாளில் எழுதிய வோல்டேஜ்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று என் மனைவி ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் வாசல் வரை நடந்து வந்து, "யார் போட்ட கோலம் இது, புள்ளியெல்லாம் கோணலா இருக்கு" என்றாள். அந்தத் தெம்பில்தான் எழுத உட்கார்ந்தேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை.

ரத்தம் கொடுக்கக் காட்பாடியிலிருந்து வரிசையாக வந்த பிள்ளைகள், கேட்காமலே என் வகுப்புகளை எடுத்துக்கொண்ட டிபார்ட்மெண்ட் ஆட்கள், ராணிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் பழைய கதை பேசிய பெல் (BHEL) தொழிற்சாலை நண்பர்கள், ஒருவேளைகூட என்னை அடுப்பு பற்றவைக்க விடாத எதிர்வீட்டு அக்கா. உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருகிறேன்.

இந்த மடல் முக்கியமாக எங்கள் தெரு வயர்மேனுக்கு. பேரெல்லாம் போடாதீங்க சார் என்றுவிட்டார், போடவில்லை.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ராத்திரி ஒன்றரை மணி. ஹால் டியூப்லைட் கண்ணைக் கூசுகிறது, படுக்கையறை ஃபேன் நொண்டுகிறது, மெஷின் கீ கீ என்று கத்துகிறது. மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு பக்கம் வோல்டேஜ் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் நியூட்ரல், அதாவது மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு வயர், விட்டுப்போச்சு என்று அர்த்தம், லோடு குறைந்த ஃபேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டியது 300-ஐக்கூடத் தாண்டும். 25 வருடமாக இதற்குப் போர்டில் வெக்டர் படம் போடுகிறவன் நான். அதற்கு முன் 11 வருடம் பெல்லில், அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கிற பிரெசிப்பிடேட்டருக்குக் கண்ட்ரோலர் டெஸ்டிங். 70,000 வோல்ட்டெல்லாம் அங்கே தினசரி சமாசாரம். நம் ஊர் நிலக்கரியில் சாம்பல் ஜாஸ்தி, அதுவும் லேசில் மின்சாரத்தைக் கடத்தாத சாம்பல், வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போனால் தட்டில் படிந்த அடுக்குக்குள்ளேயே பொறி கிளம்பிப் பிடித்த தூசியைத் திருப்பி விட்டுவிடும். அதை அடக்க மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்துப் பார்த்த கதையை இன்றைக்கும் வகுப்பில் அளப்பேன்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவர் கையில் நிற்கவில்லை. அவளைச் சிலிண்டருக்கு மாற்றி, மெயினை அணைத்துவிட்டு வயர்மேனுக்குப் போன் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் லுங்கியோடு வந்தார். "டார்ச்சை மட்டும் பிடிங்க சார்." ஃபியூஸ் கேரியர்களை உருவி வைத்துவிட்டுத் திறந்தால், நியூட்ரல் இணைப்பில் அலுமினிய வயர் கருகிப் பொடிகிறது. கருகினதை வெட்டி, புதுசாகச் சீவி முறுக்கினார். இருபது நிமிஷ வேலை. காசு கொடுத்திருந்தால் கணக்கு அதோடு முடிந்திருக்கும்.

"நீங்க போய்ப் படுங்க, நான் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன்" என்றார். ஆஸ்பத்திரியில் 17 ராத்திரி, வீட்டில் மூன்று. படுத்ததுதான் தெரியும்.

பால்காரர் மணியடித்து எழுந்தால் மணி ஆறு. மனிதர் மீட்டர் போர்டுக்குக் கீழே ஸ்டூலில், மடியில் மல்டிமீட்டர். கையில் முந்தின நாள் காலண்டர் தாள், பின்பக்கம் முழுக்க ரீடிங். அரை மணிக்கு ஒரு தடவை, மூன்று ஃபேஸும் தனித்தனியாக. 2.30க்கு 228, 231, 226. நான்கு மணி வரியில் ஒன்று மட்டும் 214, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பக்கத்து வீட்டு மோட்டார்'.

அந்த மூன்று வார்த்தையைப் பார்த்துத்தான் அழுதேன். 1988இல், வேலூர், ராணிப்பேட்டை எல்லாமே ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலம், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்த சூப்பர்வைசர் சொன்னார்: ஓகேன்னு எழுதாதே, எவ்வளவு, ஏன்னு எழுது. அதையே வாத்தியாரான பிறகு எத்தனை அப்சர்வேஷன் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருப்பேன், எத்தனை பேர் எழுதினார்கள்? இவர் யார் சொல்லியும் எழுதவில்லை, நான் எழுந்தால் பயப்படாமல் இருக்கவேண்டும் என்று எழுதினார்.

காசு வாங்கவில்லை. கடுங்காப்பி குடித்தார். கிளம்பும்போது, தன் அண்ணன் பையன் கம்பியாள் உதவியாளர் தேர்வுக்குப் படிக்கிறான், ஒரு நாள் சொல்லித் தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

ஒரு நாளாவது! இனி ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு எங்கள் மாடியில் வகுப்பு, வேலூர் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவேன், அந்தப் பரீட்சைக்குப் படிக்கிற யாரும் வரலாம், ஃபீஸ் கிடையாது. முதல் வாரம் நியூட்ரல்தான். இவ்வளவு செய்த உங்களிடமே இன்னும் ஒன்று கேட்கிறேன்: யார் வீட்டிலாவது பழைய கரும்பலகை சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.