கேம்பரைக் கேட்டு வாங்கச் சொன்ன புண்ணியவான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வாகனப் பக்கத்தில், பழைய எஸ்.யு.வி. வைத்திருப்பவர்களுக்கான பெட்டிச் செய்தியில் ஒரு வரி வந்திருந்தது: “வீல் அலைன்மென்ட்டுக்குப் போகும்போது டோ, கேம்பர், கேஸ்டர் மூன்றையும் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.” டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை திரும்பியிருக்கும் அளவு (உள்ளே என்றால் டோ-இன், வெளியே என்றால் டோ-அவுட்). கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் அளவு. கேஸ்டர் என்பது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு முன்பின் சாயும் அளவு. எழுதிய புண்ணியவானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த வரியைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு காவேரிப்பட்டணத்திலிருந்தும் பர்கூரிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். வண்டியில் இல்லாத போல்ட்டை எங்கே போய்த் திருகுவது என்று அவரே ஒரு நடை வந்து காட்டினால் தேவலை.

தங்களுக்குத் தெரியாததல்ல. ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டை எடுத்துக்கொள்வோம், 2013-ல் வந்த வண்டி, எங்கள் பக்கம் இன்னும் நிறைய ஓடுகிறது. முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்), பின்பக்கம் ட்விஸ்ட் பீம் (இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் ஒரே குறுக்குச் சட்டம்). கம்பெனி வைத்திருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் முன் சக்கரங்களின் டோ ஒன்றுதான், அதுவும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டை ராடைத் திருகி. கேம்பருக்கும் கேஸ்டருக்கும் போல்ட் கிடையாது. பின் சக்கரத்தில் எதையுமே திருக முடியாது. முன்சக்கர டிரைவ் உள்ள பழைய ரெனோ டஸ்டரும் இதே ஜாதிதான். நான்கு சக்கர டிரைவ் டஸ்டருக்குப் பின்னால் மல்டிலிங்க் (சக்கரத்துக்குத் தனித்தனிக் கைகள்), அதன் கணக்கு வேறு. மெஷின் மூன்று கோணங்களையும் அளக்கும், சிவப்பிலும் பச்சையிலும் காட்டும். அதற்காக? தெர்மாமீட்டரைத் திருகினால் காய்ச்சல் இறங்குமா?

கேட்டு வாங்கச் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? ஒன்றுமே செய்யாமல் “கேம்பர் எடுத்தாச்சு” என்று சக்கரத்துக்கு இவ்வளவு எனத் தனிப் பில் போடுவார்கள். இது உத்தமம், பணத்தோடு போயிற்று. இன்னொரு வகை, ஹைட்ராலிக் ஜாக்கியை ஸ்ட்ரட்டில் முட்டுக் கொடுத்து நெம்பி வளைப்பது. எண் பச்சையாகும், வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். உள்ளே பிஸ்டன் ராடு நேராக ஓட வழியில்லாமல் ஒரு பக்கமாக உரசி, சீல் தேய்ந்து, ஷாக்கிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கும். பிறகு இரண்டு ஷாக்கும் புதிதாக வாங்க வேண்டும். அதையும் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

கேம்பர் அளவு தாண்டியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, இல்லை நகர்ந்திருக்கிறது. இடது, வலது இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடிய அளவே மறுபக்கம் குறைந்திருந்தால் சப்ஃபிரேம் (எஞ்சினுக்கு அடியில் லோயர் ஆர்ம்களைத் தாங்கும் சட்டம்) நகர்ந்திருக்கிறது என்று பொருள். கிளட்ச், கியர்பாக்ஸ் வேலைக்காக அதை இறக்கி ஏற்றியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். போல்ட்டுகளைத் தளர்த்தி, நடுவுக்குக் கொண்டுவந்து, டார்க் ரெஞ்ச்சால் முறுக்கினால் இரண்டு பக்கமும் சமனாகும். பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பக்கத்து ஸ்ட்ரட், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு), லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) மூன்றில் எது வளைந்தது என்று பார்த்து மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்து வண்டி உட்கார்ந்திருக்கலாம். இதில் எதையும் அலைன்மென்ட் மெஷின் செய்யாது. இதை எழுதத் தங்கள் பெட்டியில் இடம் இல்லை போலும். பக்கத்திலேயே புதுக் காரின் முழுப்பக்க விளம்பரத்துக்கு இடம் இருந்தது.

மெஷினில் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலையில் பாதி அங்கேதான். டயர் குளிர்ந்திருக்கும்போது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் காற்று இருக்க வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மணி 9, 3 நிலையில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட், ரேக் எண்ட் (டை ராடின் இரு முனை மூட்டுகள்) ஆட்டம் தெரியும். 12, 6 நிலையில் ஆட்டினால் பால் ஜாயின்ட்டும் வீல் பேரிங்கும் பேசும். லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ்ஷை லிவர் கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் ரப்பர் கிழிந்திருந்தாலும் வெளியே தெரியாது. கிழிந்த புஷ்ஷோடு டோ வைத்தால் மெஷின் மேல் நிற்கும்வரை சரி, முதல் பிரேக்கில் ஆர்ம் பின்னால் போய் டோ மாறிவிடும். புது புஷ் போட்டாலும், வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

“ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்” என்று இன்னொரு வரி. எங்கள் ரோட்டில் எல்லா வண்டியும் கொஞ்சம் இடது பக்கம் போகும். மழைநீர் வடிய ரோடே இடது பக்கம் சரிவாகத்தான் போடப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம் (ஒரே திசையில் சுழல வேண்டிய டயருக்கு இது ஆகாது). இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால், ஓட்டி நிறுத்தியதும் இரண்டு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் கேலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. 80, 100 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவது பெரும்பாலும் பேலன்சிங். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். இத்தனைக்கும் ஒரே மருந்து என்றால் எங்களுக்கு லாபம்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

உண்மையில் டயரைத் தின்பது டோ. 16 அங்குல ரிம்மில் மொத்த டோ 3 மி.மீ. தவறினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் மூன்றரை மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடும் கணக்கு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போவதற்குள் 180 மீட்டர். ஈகோஸ்போர்ட்டின் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், இழுவையை ஓரளவு தானே ஈடுகட்டிவிடும். ஓட்டுகிறவர் கைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளங்கையை டயர் மேல் குறுக்கே தடவிப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வழவழப்பாகவும், உள்ளிருந்து வெளியே அரம்போலவும் இருந்தால் டோ-இன் அதிகம். மாறி இருந்தால் டோ-அவுட்.

டோ வைப்பதிலும் முறை உண்டு. ரிம் நெளிந்திருக்கலாம் என்பதால் வண்டியை முன்பின் உருட்டி மெஷின் அந்தக் கோணலைக் கழித்துக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டு எடுத்த எண் வெறும் அலங்காரம். முன் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் சுழல்தட்டின் பூட்டு ஊசியை எடுத்து, ஸ்டியரிங்கை நடுவில் பூட்டி, டை ராடை மூடும் ரப்பர் உறையின் கிளிப்பைத் தளர்த்தி (இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக் கிழியும்), இரண்டு டை ராடையும் அததற்கு வேண்டிய அளவு திருகி, லாக் நட்டை முறுக்கியபின் மறுபடியும் எண்ணைப் பார்க்க வேண்டும். முறுக்கும்போதே நகரும். வருடக்கணக்கில் கை படாத லாக் நட் துருப்பிடித்து நகராது. துரு எண்ணெய் விட்டு ஊற விட வேண்டும். கேஸ் வைத்துச் சூடாக்கினால் ரப்பர் உறையும் டை ராட் எண்டும் போயிற்று. ஒரு பக்கம் நகரவில்லை என்று மறுபக்கத்தில் மட்டும் மொத்தத்தையும் திருகினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். பிறகு ஸ்டியரிங் வீலையே கழற்றி நேராக மாட்டித் தருவார்கள்.

பின் பீம் வளைந்திருந்தால் இன்னொன்று. பின் இடது டோ 20 மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு மினிட்), வலது பூஜ்யம் என்றால் த்ரஸ்ட் ஆங்கிள், அதாவது பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளும் திசையின் கோணல், 10 மினிட். முன்பக்கத்தை எப்படி வைத்தாலும் வண்டி சற்றுக் குறுக்காகவே ஓடும். சக்கரம் மாட்டும் ஸ்டப் ஆக்சிலில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்கலாம், அல்லது பீமை மாற்ற வேண்டும்.

அந்தப் பாகத்துக்கு எங்கே போவது? 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது தாங்கள் உருக்கமான இரங்கல் எழுதினீர்கள். வாங்கி வைத்திருப்பவன் புஷ்ஷுக்கு என்ன செய்வான் என்று ஒரு பத்தி வரவில்லை. நைட்ரஜன் அடித்தால் டயர் தேயாது என்று போன வருடம் எழுதியதும் இதே பக்கம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். தங்கள் பக்கத்தில் எந்த வண்டியையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் கோடு போடாத வேகத்தடையில் ராத்திரி ஒருமுறை ஏறி இறங்கியிருந்தால், கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஒரு நாள் ஓட்டியிருந்தால், அந்தப் பெட்டிச் செய்தி இப்படி வந்திருக்காது.

கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் நாலு வரி போடுங்கள்: பழைய காம்பாக்ட் எஸ்.யு.வி.களில் பெரும்பாலும் முன் டோ மட்டுமே திருகக்கூடியது. கேம்பருக்காக ஸ்ட்ரட்டை வளைக்க விடாதீர்கள். மெஷினில் தங்கள் மாடலும் வருடமும்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று திரையில் பாருங்கள். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டு பிரின்ட் அவுட்டும் வாங்குங்கள். முன்னது இல்லாமல் பின்னதை மட்டும் தருகிற இடத்தில் என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
அலைன்மென்ட் பட்டறைக்காரன்,
கிருஷ்ணகிரி.

பி.கு.: சென்ற முறை அனுப்பிய கடிதத்தில் பாதியை வெட்டிப் பாராட்டை மட்டும் போட்டிருந்தீர்கள். இம்முறை இடம் போதாவிட்டால் நைட்ரஜனை எடுத்துவிடுங்கள். சப்ஃபிரேம் பத்தியில் கை வைக்க வேண்டாம்.